வழியில் என்ன பூத்திருக்கிறது? இளவேனில் பயணம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் "இந்தப் பங்குனி சித்திரையில் பூப் பார்க்கக் கிளம்புங்கள்" என்று நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களுக்கு இந்தப் பக்கம் முழுக்கக் கொடுத்தும் இடம் போதவில்லை. எல்லோரும் சுற்றிச் சுற்றிக் கேட்டது இரண்டுதான்: பூ எங்கே இருக்கும், வழியில் என்ன சாப்பிடலாம். எனக்கு இது ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது. ஒரு ஊரில் என்ன பூக்கிறதோ அதுதான் கொஞ்ச நாளில் தேனாக, பழமாக, ரசத்தில் போடும் வற்றலாக நம் கைக்கு வருகிறது. அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற மாதிரிதான் என் பதில்கள் இருக்கும்.

கேள்வி: வணக்கம் அக்கா. நாங்கள் நாலு பேர், சொந்தக் கார். பங்குனிக் கடைசியில் மூன்று நாள் லீவு கிடைக்கும். மலர்க் கண்காட்சிக் கூட்டம் வேண்டாம், தானாகப் பூத்த பூவைத்தான் பார்க்க வேண்டும் என்று என் மகள் பிடிவாதமாக இருக்கிறாள். எந்த ரோட்டில் போகலாம்? — வாசகி, திருப்பூர்

பதில்: உங்கள் மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். மேட்டுப்பாளையத்தில் இருந்து கோத்தகிரிக்கு ஏறும் ரோட்டைப் பிடியுங்கள். 33 கிலோமீட்டர்தான், ஆனால் கடல் மட்டத்தில் இருந்து 300 மீட்டர் சொச்சத்தில் கிளம்பி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்துக்குப் போய்விடுகிறோம், அதனால் ஒரே காலையில் நாலைந்து ஊர்களின் இளவேனிலைப் பார்த்த மாதிரி இருக்கும். வேகமாக ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் மேலே போய்விடலாம். நீங்கள் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

அடிவாரத்தில் புங்க மரங்கள் புதுத் தளிரோடு பளபளவென்று நிற்கும், கீழே ரோட்டோரம் பொரி கொட்டின மாதிரி பூ. சரக்கொன்றை அப்போதுதான் ஒன்றிரண்டு மரத்தில் தொடங்கியிருக்கும். மற்றது இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கும், அதே மரத்தை சித்திரை நடுவில் பார்த்தால் மஞ்சள் சரம் தவிர வேறொன்றும் தெரியாது. குஞ்சப்பனை வரும்போது காற்று மாறும். அந்தப் பக்கம் பலாவுக்குப் பேர்போனது, பழம் முற்றும் காலத்தில் யானைகள் அதைத் தேடி ரோட்டைக் கடக்கும், எனவே விடிவதற்கு முன்னும் பொழுது சாய்ந்த பிறகும் அந்த வழியில் போகாதீர்கள். பகலில் ரோட்டோரத்தில் பலாச் சுளை விற்றால் வாங்கிச் சாப்பிடுங்கள். இன்னும் ஏறினால் தேயிலை, தேயிலைக்கு நடுவே நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்கள், அதில் சீப்பு மாதிரி ஆரஞ்சு நிறப் பூ. வளைவுகளில் ஊதாவாக நிற்பது ஜகரண்டா.

முதல் இரவு கோத்தகிரியில் தங்குங்கள். ஊரை ஒட்டியே லாங்வுட் சோலை என்று ஒரு காடு இருக்கிறது, 116 ஹெக்டேர், வனத்துறையில் கேட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். அங்கே பூவைத் தேடாதீர்கள், கொழுந்தைப் பாருங்கள். முதல் தடவை வெளியில் நின்று பார்த்தபோது காடு முழுக்கச் சிவப்பும் செம்பு நிறமுமாகப் பூத்திருக்கிறது என்றே நினைத்தேன். கிட்டப் போனால் ஒரு பூ இல்லை. காட்டு நாவல் வகைகளும் லவங்கப்பட்டையின் சொந்தக்கார மரங்களும் விட்ட புதுத் தளிர் அத்தனையும், வாழைப்பூ மடல் மாதிரி மினுமினுவென்று, கையில் தொட்டால் ஈரப் பட்டுத் துணி போல. இரண்டு வாரத்தில் அது பச்சையாகிவிடும்.

மறுநாள் விடிந்ததும் கோடநாடு காட்சி முனை. கீழே மோயாற்றுப் பள்ளத்தாக்கு, தெங்குமரஹாடா கிராமம், எதிரில் ரங்கசாமி மலைச் சிகரம். வெயில் ஏறினால் புகைமூட்டம் வந்து மறைத்துவிடும். அப்புறம் ஊட்டிப் பக்கம் போய் தொட்டபெட்டாவிலோ அவலாஞ்சியிலோ காட்டுப் பூவரசைப் பாருங்கள். ரோடோடென்ட்ரான் என்று பலகையில் எழுதியிருக்கும். முறுக்கிக்கொண்டு நிற்கும் தண்டு, பட்டையில் தொங்கும் பாசி, கையகலக் கொத்தில் அடர் சிவப்பாக மணி மணியாகப் பூ. இலையைத் திருப்பி அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள், கம்பளி ஒட்டின மாதிரி இருக்கும். இலங்கை மலைகளை விட்டால் இதன் நெருங்கிய சொந்தங்கள் எல்லாம் இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி இமயமலையில் இருக்கின்றன, இடையில் எங்கும் இல்லை. அவலாஞ்சியில் வனத்துறை வண்டியில்தான் உள்ளே கூட்டிப் போவார்கள், காலையிலேயே போய் நில்லுங்கள்.

மூன்றாம் நாள் மைசூர் வரைக்கும் ஒரு எட்டுப் போய்விட்டு வரலாமா என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். வேண்டாம். வந்த வழியே மெதுவாக இறங்குங்கள், ஏறும்போது இடது பக்கம் பார்த்தவர்கள் இறங்கும்போது மறுபக்கம் பார்க்கட்டும்.

கேள்வி: ஏப்ரலில் போனால் குறிஞ்சிப் பூ பார்க்கலாமா? — வாசகர், தஞ்சாவூர்

பதில்: முடியாது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006இலும் 2018இலும் பூத்தது, அடுத்து 2030. அதுவும் ஆடியில் தொடங்கிப் புரட்டாசி வரை, இளவேனிலில் இல்லை. குறிஞ்சியில் பல வகைகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு, அதனால் இடையில் ஏதாவது ஒரு வருடம் ஏதாவது ஒரு சரிவில் சின்னதாக ஒன்று பூப்பதும் உண்டு. ஏப்ரலில் யாராவது "குறிஞ்சி காட்டுகிறேன்" என்று வண்டியில் ஏற்றினால் ஏறாதீர்கள்.

கேள்வி: திம்பம் வழியாகத் தாளவாடி போகும்போது காடே தீப்பிடித்த மாதிரி சிவப்பாக ஒரு மரம் பார்த்தேன். அது என்ன? இறங்கிப் படம் எடுக்க முடியவில்லை, போலீஸ் போல யாரோ விசில் அடித்தார்கள். — வாசகர், கோபி

பதில்: அது புரசு. பலாசு என்றும் சொல்வார்கள். சென்னையில் புரசைவாக்கம் என்று ஊர்ப்பெயரே இந்த மரத்தால் வந்ததுதான், அங்கே இப்போது தேடினாலும் கிடைப்பது கஷ்டம். மாசியில் இலையெல்லாம் கொட்டிவிட்டுக் கிளை நெடுகப் பூக்கும். கீழே விழுந்த ஒரு பூவை எடுத்துப் பாருங்கள்: கறுப்புக் கிண்ணத்தில் கிளிமூக்கு வைத்த மாதிரி. பங்குனி பாதி தாண்டினால் முடிந்துவிடும். இலை பெரிதாகும்போது அதை ஈர்க்கால் தைத்துச் சாப்பாட்டு இலையாகப் பயன்படுத்துவது நம்மிடம் இருந்த பழக்கம்.

விசில் அடித்தவர் வனத்துறைக்காரராக இருப்பார், அவர் செய்தது சரி. அந்த ரோடு சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. 27 கொண்டை ஊசி வளைவு, சிறுத்தையும் யானையும் நடமாடும் இடம். காரப்பள்ளம் பக்கம் கரும்பு லாரிகளை யானைகள் வழிமறிப்பதை நீங்களே செய்தியில் பார்த்திருப்பீர்கள். உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரியில் இருந்து இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடும் இருக்கிறது. காப்பகத்துக்குள் வண்டியை நிறுத்தாதீர்கள், இறங்காதீர்கள், ஒரு பூவைக்கூடப் பறிக்காதீர்கள், 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இங்கே பூவுக்கும் சேர்த்துத்தான். புரசைக் கிட்டத்தில் பார்க்க ஆசை என்றால் காப்பகத்துக்கு வெளியே அடிவாரத்து ஊர்களில் வேலியோரமாகத் தேடுங்கள். மேலே ஏறிவிட்டால் தாளவாடியில் கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார்கள், சாப்பாட்டில் ராகிக் களியும் கீரை மசியலும் கேளுங்கள். களியை மெல்லாதீர்கள், உருட்டிக் குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும்.

கேள்வி: அக்கா, போன வருடம் மலையில் வாங்கிய தேன் நீர்த்துப்போய் இருந்தது, மூடியைத் திறந்ததும் நுரை பொங்கியது, கடைசியில் லேசாகக் கசந்தது. ஏமாந்துவிட்டேனா? நல்ல தேனை எப்படிக் கண்டுபிடிப்பது? — வாசகி, மதுரை

பதில்: நீங்கள் சொல்கிற மூன்று அடையாளத்தையும் வைத்துப் பார்த்தால் உங்களுக்கு நல்ல காட்டுத்தேன்தான் கிடைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கொட்டிவிடவில்லையே?

காட்டுத்தேனில் ஈரப்பதம் அதிகம், அதனால் கடைத்தேன் மாதிரி கெட்டியாக இழுபடாது. ஈரம் இருப்பதால் உள்ளுக்குள் கொஞ்சம் புளிக்கும், நுரை வரும், வெயிலில் வைத்தால் மூடி தெறிப்பதும் உண்டு. கசப்பு நாவல் பூவால் வந்திருக்கலாம். காட்டில் நாவல் பூத்து முடிந்த கையோடு எடுக்கிற தேன் கறுத்து, தொண்டையில் மெல்லிய கசப்போடு இறங்கும். எனக்கு அந்தத் தேன்தான் பிடிக்கும், வருடம் ஒரு பாட்டிலாவது தேடி வாங்கிவிடுவேன்.

இதில் வகைகள் தெரிந்தால் கடையில் பேசுவது சுலபம். மலைத்தேன் என்பது பெரிய தேனீ பாறைச் சரிவிலும் உயரமான மரத்திலும் ஒற்றை அடையாகக் கட்டுவது. நீலகிரியில் குறும்பர்கள் அதை எடுக்கச் சித்திரை, வைகாசியில் காட்டுக்கொடியில் முறுக்கிய ஏணியில் பாறையில் தொங்கி இறங்குவார்கள், அதற்கு முன்னால் விரதம் இருப்பார்கள், தேனீயைப் பார்த்துப் பாடுவார்கள். பொந்துத்தேன் என்பது மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் அடுக்கடுக்காகக் கட்டும் சின்னத் தேனீயுடையது, நம் ஊர்ப் பெட்டிகளில் வளர்ப்பதும் பெரும்பாலும் இதைத்தான். கொம்புத்தேன் புதர்க் கிளையில் உள்ளங்கை அளவு அடை. கொசுத்தேன், கொட்டாத சின்னஞ்சிறு தேனீயின் தேன், புளிப்பாக இருக்கும், கொஞ்சம்தான் கிடைக்கும், விலையும் அதிகம்.

நல்ல தேனா என்று வீட்டில் செய்கிற சோதனைகளை நம்பாதீர்கள். தண்ணீரில் விட்டால் கரையக் கூடாது, திரியில் தோய்த்தால் எரிய வேண்டும், எறும்பு வரக் கூடாது என்று சொல்வதெல்லாம் கெட்டியான சர்க்கரைப் பாகுக்கும் பொருந்தும். அடியில் சர்க்கரை மாதிரி உறைந்தால் கலப்படம் என்பதும் தவறு. எந்தப் பூவின் தேனில் குளுக்கோஸ் அதிகமோ அது சீக்கிரம் உறையும், வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை நிறுத்தி வைத்தால் இளகிவிடும்.

நானும் ஏமாந்திருக்கிறேன். ஒரு மலை ரோட்டோரத்தில், தேனடையைத் தட்டில் வைத்து, அதன் மேல் தேனை ஊற்றிக் காட்டி விற்றார்கள். அடையைப் பார்த்த சந்தோஷத்தில் இரண்டு லிட்டர் வாங்கினேன். வீட்டில் வந்து பார்த்தால் வெல்லப்பாகின் வாசனை, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து நான் விற்பவரிடம் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: "இது எந்த மாசம் எடுத்தது, அப்போது காட்டில் என்ன பூத்திருந்தது?" காட்டோடு பழகியவர் என்றால் உடனே பதில் வரும், சில சமயம் பதில் அரை மணி நேரம் நீளும். 1993இல் தொடங்கி, கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் அமைப்பு தேன் எடுக்கும் பழங்குடி மக்களோடு சேர்ந்து இந்த வேலையைப் பல வருடமாகச் செய்கிறது, அதில் இருந்து கிளைத்த லாஸ்ட் ஃபாரஸ்ட் கடையில் தைரியமாக வாங்கலாம். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு எந்தத் தேனையும் நாக்கில் தடவாதீர்கள், பாட்டி சொன்னாலும் வேண்டாம்.

கேள்வி: ஊட்டியில் புல்வெளி ஓரமெல்லாம் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும் ஒரு புதர்ச் செடி பார்த்தோம், அத்தனை அழகு. அதன் கன்று கிடைக்குமா? தோட்டத்தில் வைக்க ஆசை. — வாசகர், சேலம்

பதில்: தயவுசெய்து வைக்காதீர்கள். முள் இருந்தால் அது கார்ஸ், முள் இல்லாமல் விளக்குமாற்றுக் குச்சி மாதிரி இருந்தால் ஸ்காட்ச் புரூம். இரண்டும் வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர் ஞாபகத்துக்கும் வேலிக்கும் கொண்டுவந்து வைத்தது. வந்த இடத்தில் கட்டுக்கடங்காமல் பரவிவிட்டது. அது நிற்கிற ஒவ்வொரு அடியும் முன்பு புல்லாக இருந்த இடம். அந்தப் புல்வெளிதான் மழையைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்து, பிறகு மாதக் கணக்கில் ஓடைக்கு விடுகிறது, பவானியும் மோயாறும் அந்தத் தண்ணீரில்தான் ஓடுகின்றன. சீகை மரமும் (வாட்டில் என்பார்கள்) இதே கதைதான், தோல் பதனிடும் பட்டைக்காக நட்டது காடாகிவிட்டது. அடிவாரக் காடுகளில் உண்ணிச்செடி, மஞ்சள் பூக்கிற சென்னா, இரண்டும் யானை தின்னும் புல்லை முளைக்கவிடாமல் செய்கின்றன.

மேலே நான் சொன்ன ஜகரண்டாவும் தென் அமெரிக்காவில் இருந்து வந்ததுதான், சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவில் இருந்து வந்தது. அவற்றைப் பார்த்துச் சந்தோஷப்படுவதில் தப்பில்லை, நானும் ஒவ்வொரு வருடமும் வண்டியை ஓரங்கட்டிப் பார்க்கிறேன். ஆனால் பிள்ளைகளுக்குக் காட்டும்போது "இது இந்த மலைக்காரப் பூ, இது விருந்தாளி, இது வந்து வீட்டையே பிடுங்கிக்கொண்டது" என்று மூன்றாகப் பிரித்துச் சொல்லுங்கள். தோட்டத்துக்கு ஆசைப்பட்டால் தவிட்டுப்பழச் செடியை நர்சரியில் கேட்டுப் பாருங்கள், சேலத்து வெயிலுக்கு வராது, ஏற்காட்டில் யாராவது சொந்தக்காரர் இருந்தால் அவர்களை வைக்கச் சொல்லுங்கள். ரோஜா நிறத்தில் பூக்கும், பூ வயதாக ஆக வெளுக்கும், ஒரே செடியில் இரண்டு நிறமும் தெரியும். பழம் கருஞ்சிவப்பில் சின்னக் கொய்யா மாதிரி, மேலே தவிடு ஒட்டின மாதிரி. வைகாசியில் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கூடையில் வைத்து விற்பார்கள், சாப்பிட்டால் நாக்கு ஊதாவாகிவிடும்.

கேள்வி: என் பையனுக்கு ஏழு வயது. மூன்றாவது வளைவிலேயே வாந்தி எடுத்துவிடுவான். இதனாலேயே மலைப் பயணத்தைத் தள்ளிப் போடுகிறோம். — வாசகி, கரூர்

பதில்: கிளம்பும் முன் வயிறு நிறையப் பூரியோ புரோட்டாவோ வேண்டாம், இரண்டு இட்லி போதும், வெறும் வயிறும் கூடாது. சன்னல் இறக்கி, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள், கையில் செல்போன் கொடுக்காதீர்கள். உப்பு நாரத்தங்காய் ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொள்ளட்டும். ஐந்து வளைவுக்கு ஒரு முறை அகலமான இடம் பார்த்து நிறுத்தி இறங்கி நடக்கவிடுங்கள், எப்படியும் பூப் பார்க்க நிறுத்தத்தானே போகிறீர்கள். பாதி வாந்தி ஓட்டுகிற விதத்தால் வருவது: வளைவுக்குள் போய் பிரேக் அடிக்காமல் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். இறங்கும்போது இரண்டாம் கியர், ஏறி வருகிற வண்டிக்கு வழி. மாத்திரை வேண்டுமென்றால் டாக்டரிடம் கேட்டுக் கொடுங்கள்.

கேள்வி: காபிச் செடி பூத்தால் எஸ்டேட் முழுக்கப் பனி கொட்டின மாதிரி இருக்கும் என்கிறார்கள். அதைப் பார்க்க எப்போது வர வேண்டும்? சென்னையில் இருந்து வருவதால் தேதி சொன்னால் வசதி. — வாசகர், சென்னை

பதில்: தேதியை மழைதான் சொல்லும். காபி மொட்டு கணுவுக்குக் கணு பச்சையாகக் கூர்மையாக உட்கார்ந்துகொண்டு காத்திருக்கும், மாசி பங்குனியில் ஒரு நல்ல கோடைமழை, ஒன்றிரண்டு அங்குலம் பெய்தால், அதில் இருந்து ஏழாவது நாளுக்கும் பத்தாவது நாளுக்கும் நடுவில் ஒரே விடியலில் எல்லாம் விரிந்துவிடும். தோட்டக்காரர்கள் அந்த மழையைப் பூமழை என்று சொல்லி வானத்தைப் பார்த்தபடி இருப்பார்கள். பூ மூன்று நாள் நாலு நாள் இருக்கும், பிறகு பழுப்பாகி உதிரும்.

உங்களுக்கு ஏற்காடு வசதி. சேலத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவு, 1820களில் இருந்தே காபி விளைகிற மலை. செய்தியில் ஏற்காட்டில் மழை என்று கேட்டால் நாட்காட்டியில் குறித்துக்கொண்டு எட்டாம் நாள் அங்கே இருங்கள். நான் ஒரு முறை அப்படி வந்து இறங்கியது விடியற்காலை ஐந்தரைக்கு. வெளிச்சம் இன்னும் வரவில்லை, ஒன்றும் தெரியவில்லை, வாசனை மட்டும் மல்லிகைப் பந்தலுக்குள் நுழைந்த மாதிரி. கொஞ்சம் வெளுத்ததும் கிளைகள் தெரிந்தன, ஒவ்வொரு கிளையும் வெள்ளைச் சரம் கட்டின மாதிரி, இலையே தெரியாமல். ஏழு மணிக்கு வெயில் பட்டதும் தேனீ வந்தது. தோட்டம் முழுக்க ஒரே ரீங்காரம், பேச்சை நிறுத்திவிட்டு நின்றோம். அங்கே வேலை செய்கிற ஒரு அம்மா "நாளைக்கு மழை வரக் கூடாது சாமி" என்று சொல்லிக்கொண்டே போனார். விரிந்த பூவில் மழை அடித்தால் காய் பிடிப்பது குறையும், அவர்கள் வருடக் கூலி அந்த மூன்று நாளில் இருக்கிறது. எஸ்டேட்டுக்குள் கேட்காமல் நுழையாதீர்கள், கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். சாயங்காலம் ஏரிக்கரையில் சூடாக மிளகாய் பஜ்ஜி, ஏற்காட்டுக் காபி.

கேள்வி: ஊட்டி வர்க்கி வீட்டுக்கு வருவதற்குள் நமுத்துவிடுகிறது. நல்லது பார்த்து வாங்குவது எப்படி? படகர் சாப்பாடு ஓட்டலில் கிடைக்குமா? — வாசகர், திருச்சி

பதில்: விறகு அடுப்பில் சுடுகிற பேக்கரியாகப் பார்த்து, சுட்ட அன்றே வாங்குங்கள். ஈஸ்டுக்குப் பதிலாகத் தாங்களே புளிக்க வைத்த மாவைச் சேர்த்துப் பிசைந்து, அடித்து, மடித்து, மறுபடி அடித்துச் செய்வது வர்க்கி. உடைத்துப் பார்த்தால் உள்ளே ஏடு ஏடாகப் பிரிய வேண்டும், ஓரம் மொறுமொறுப்பாக, நடுவில் கொஞ்சம் மெத்தென்று. இப்போது அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. சூடு முழுக்க ஆறிய பிறகு காகிதத்தில் சுற்றித் தகர டப்பாவில் போடுங்கள். சூட்டோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால்தான் நமுக்கிறது. டீயில் தோய்த்தால் ஒரு நொடி, அதற்கு மேல் வைத்தால் டம்ளருக்குள் விழுந்துவிடும்.

நீலகிரியின் படகர் மக்கள் சாப்பாடு பெரும்பாலும் வீட்டுச் சாப்பாடுதான். எரகி இட்டு என்கிற ராகி உருண்டையும் அவரைக்கொட்டைக் குழம்பும் கோத்தகிரிப் பக்கத்துத் தங்கும் விடுதிகள் சிலவற்றில் முதல் நாளே சொல்லி வைத்தால் செய்து தருவார்கள். அந்த அவரைக்கொட்டையை மலைச் சந்தையில் வாங்கி வந்து நம் வீட்டுப் புளிக்குழம்பில் போட்டுப் பாருங்கள், மாவாக வேகும்.

கேள்வி: இ-பாஸ் கட்டாயமா? — பலர்

பதில்: வண்டியில் மலைக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே இணையத்தில் எடுக்கிற அனுமதிச் சீட்டுதான் இ-பாஸ், நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் வந்தது. 2025 ஏப்ரலில் இருந்து கோடைக்கு எண்ணிக்கை வரம்பும் வைத்தார்கள், ஊட்டிப் பக்கத்துக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. நீங்கள் கிளம்பும் வாரத்தில் என்ன விதி என்று அரசின் இ-பாஸ் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது தேவையில்லை. மே மாதக் கூட்டத்தில் குன்னூர் ரோட்டில் ஏறி, கோத்தகிரி ரோட்டில் இறங்க வேண்டும் என்று ஒருவழியாக்குவார்கள், ஆகவே கோத்தகிரி ஏற வேண்டும் என்பவர்கள் ஏப்ரல் பாதிக்குள் போய்விடுங்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில், சின்னப் பிளாஸ்டிக் பாட்டிலை சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள்.

கேள்வி: எனக்கு 72 வயது, என் வீட்டுக்காரருக்கு மூட்டு வலி. மலையேற முடியாது. எங்களுக்கு ஒரு வழி சொல்வீர்களா? — வாசகி, ஈரோடு

பதில்: உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது அம்மா. கோபியில் இருந்து சத்தி போகிற பக்கம், சித்திரை முதல் வாரம், காலை ஆறு மணிக்குக் கிளம்புங்கள். வாய்க்கால் ஓரமாகக் கொன்றையும், வயல் வரப்பில் வேம்பும், கோயில் வாசலில் நாகலிங்கமும் உட்கார்ந்த இடத்தில் இருந்தே பார்க்கலாம், இறங்கவே வேண்டாம். சன்னலைத் திறந்து வையுங்கள், வேப்பம்பூ வாசனை வண்டிக்குள் வரும். கொடிவேரி அணையில் பவானித் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, மீன் சாப்பிடுவீர்கள் என்றால் அங்கேயே பொரித்துத் தருவார்கள், வாழையிலைத் துண்டில் சூடாக வாங்கிச் சாப்பிடுங்கள். வருகிற வழியில் நுங்கு வெட்டுகிறவரிடம் "இளசாக" என்று கேளுங்கள், விரலால் அழுத்தினால் தண்ணீர் அசைய வேண்டும். விடியலில் இறக்கிய பதநீர் கிடைத்தால் அன்று உங்கள் அதிர்ஷ்டம், எட்டு மணிக்கு மேல் வாங்காதீர்கள், புளித்திருக்கும்.

அப்புறம், தெரிந்தவர் தோட்டத்தில் வேப்ப மரம் இருந்தால் முதல் நாள் சாயங்காலமே மரத்தடியைப் பெருக்கி ஒரு பழைய வேட்டியை விரித்து வைக்கச் சொல்லுங்கள். காலையில் நீங்கள் போகும்போது பூ குவிந்திருக்கும். காம்பும் சருகும் பொறுக்கி நிழலில் ஒரு நாள், வெயிலில் மூன்று நாள் காய வைத்தால் பழுப்பாகிச் சலசலக்கும், சல்லடையில் சலித்துப் பாட்டிலில் போட்டால் வருடம் முழுக்க வரும். ரசத்தை இறக்கிய பிறகு இரண்டு ஸ்பூன் பூவை நெய்யில் கருஞ்சிவப்பாக வறுத்து மேலே கொட்டி உடனே மூடிவிடுங்கள், கொதிக்கவிட்டால் கசப்பு ஏறிவிடும்.